இருபது வரை இங்கிலீசு

ஆசிரியப் பயிற்சி முடித்து மதுரையிலிருந்து போடிக்குத் திரும்பிய சாந்தகுமாரிக்கு வேலை உத்தரவு வந்தபாடில்லை. இதோ வந்துவிடும், அதோ வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்ததிலேயே ஐம்பத்து மூன்றாம் வருடம் போய் ஐம்பத்து நான்கு பிறந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல், அப்பா தானியேலின் ஏலக்காய்க் கடை மாடியில், காய் பொறுக்கும் பெண்கள் வீட்டுக்குப் போன பிறகு, தெருப் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

ஐந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்த பதினைந்து, பதினாறு வயதுக்காரிகள். சாந்தகுமாரியும் புத்தகத்துக்கு வெளியே யாரிடமும் இங்கிலீசு பேசியவள் இல்லை. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

எண்களுக்கு ஏலக்காயையே வைத்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு கைப்பிடி காய். ஒன், டூ, த்ரீ என்று சொல்லி ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். நகர்ந்த காய் பாயின் மறுபக்கம் போவதற்குப் பதில் வாய்க்குள் போனது. ட்வென்டியைத் தொடுவதற்குள் பாய் காலியாகிவிடும். வகுப்பே மணக்க மணக்கச் சிரிக்கும்.

"பாப்பா, இங்கிலீசு வருதோ இல்லையோ, பிள்ளைகளுக்கு நல்லா ஜீரணமாகுது" என்று தானியேல் கீழேயிருந்து குரல் கொடுப்பார். அதனால் எண் பாடம் இருபதோடு நின்றது.

மாசி மாதம் ஆறாவதாக வந்து சேர்ந்தவள் பொன்னுமணி. பதினேழு வயது. அவளுடைய அப்பா சின்னச்சாமிக்குச் சிலமலையில் நிலம் இருந்தது. அவரே மகளைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"டீச்சரம்மா, தேவாரத்துலருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்காக. மாப்ளே மேல டீ எஸ்டேட்ல கணக்கெழுதுற ரைட்டரு. வெள்ளைக்கார மேனேசரு, தொரசாணி எல்லாம் வந்து போற இடமாம். பொண்ணுக்கு ரெண்டு வார்த்தை இங்கிலீசு தெரிஞ்சா நல்லதுங்கிறாக. சித்திரையில பொண்ணு பாக்க வர்றாக. அதுக்குள்ள வெரசா சொல்லிக் குடுத்துருங்க."

"அதுக்குள்ள எப்படிங்க முடியும்?"

"ரெண்டே ரெண்டு வார்த்தைதானம்மா" என்றார் சின்னச்சாமி, இரண்டு மூட்டை இறக்கச் சொல்வதுபோல.

பொன்னுமணி கெட்டிக்காரிதான். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பது அவளுக்குப் பிடித்திருந்தது. வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள் சாந்தகுமாரி. ஒருத்தி கேட்க, அடுத்தவள் பதில் சொல்லிவிட்டு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். பொன்னுமணிக்கு இது வெல்லமாக இனித்தது. "வாட் இஸ் யுவர் நேம்?", "ஹவ் ஓல்ட் ஆர் யூ?" என்று படியில் ஏறும்போதே தொடங்கிவிடுவாள். எடை போட வந்த வியாபாரிகளைக்கூட விடவில்லை.

சித்திரையில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அழகுமலை, அவனுடைய தாயார் கருத்தம்மாள், தாய்மாமன் கோட்டைச்சாமி. சாந்தகுமாரியையும் வரச்சொல்லிப் பொன்னுமணியின் அம்மா மாயக்காள் ஆள் அனுப்பியிருந்தாள். "எம்மகளுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்தவுக" என்று நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று அந்தத் தாய்க்கு ஆசை.

பேச்செல்லாம் கோட்டைச்சாமிதான். மாப்பிள்ளைக்கு இருபத்து நாலு வயசு என்றார். ஜாதகத்தைக் கறையான் தின்றுவிட்டது, பேர்ப்பொருத்தம் போதும் என்றார். மலைக்குளிரில் இருப்பதால் ஆள் கொஞ்சம் முற்றலாகத் தெரிவான் என்றும், யாரும் கேட்காமலே சொன்னார். அழகுமலை கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னுமணி வந்து கும்பிட்டு நின்றாள்.

"மாப்ளே, பொண்ணு இங்கிலீசு படிச்சிருக்காம்ல. நாலு வார்த்தை கேளு. சபை கேக்கட்டும்" என்று கோட்டைச்சாமி மருமகனின் முதுகில் தட்டினார்.

அழகுமலை தொண்டையைச் செருமிக்கொண்டான். "வாட் இஸ் யுவர் நேம்?"

"மை நேம் இஸ் பொன்னுமணி. வாட் இஸ் யுவர் நேம்?"

பெண் திருப்பிக் கேட்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. அழகுமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மை நேம் இஸ் அழகுமலை" என்றான். முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது. அடுத்த கேள்வியையும் கேட்டான். "ஹவ் ஓல்ட் ஆர் யூ?"

"ஐ ஆம் செவன்டீன் இயர்ஸ் ஓல்ட். ஹவ் ஓல்ட் ஆர் யூ?"

"ஐ ஆம் தர்ட்டி ஒன் இயர்ஸ் ஓல்ட்."

சாந்தகுமாரியின் கையில் இருந்த காப்பி டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

மற்ற எல்லோருக்கும் ஆனந்தம். "ஆத்தாடி, தண்ணி பட்ட பாடா பேசிக்கிறாகளே!" என்றார் சின்னச்சாமி. எல்லோரையும்விட அதிகமாகப் பூரித்துப்போனவர் கோட்டைச்சாமி. அழகுமலை மட்டும் சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தவன்போல மறுபடி கேசரித் தட்டைப் பார்த்தான்.

பொன்னுமணிக்குச் சந்தேகம் வந்தால் அடக்கத் தெரியாது. சபை என்றும் பார்க்காமல் திரும்பினாள்.

"டீச்சர், தர்ட்டி ஒன்னுன்னா எத்தனை? நம்ம படிச்ச இருபதுக்குள்ள அது வரலையே?"

எல்லாத் தலையும் சாந்தகுமாரி பக்கம் திரும்பியது. உண்மையைச் சொன்னால் ஒரு கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் ஒரு கல்யாணம் நடந்துவிடும். எது பெரிய பாவம் என்று பயிற்சிப் பள்ளியில் யாரும் நடத்தவில்லை.

"அவர் சொன்ன வாக்கியம் இலக்கணப்படி ரொம்பச் சரி" என்றாள்.

"இலக்கணம் இருக்கட்டும் டீச்சர். எண்ணு எத்தனை?"

"அது வந்து... ட்வென்டிக்கு மேல..."

"டீச்சர் சங்கடப்பட வேணாம்" என்றான் அழகுமலை. தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். "முப்பத்தொன்னு."

கருத்தம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கோட்டைச்சாமி மட்டும் தளரவில்லை.

"மச்சான், அது இங்கிலீசு வயசு! நம்ம முழம் வேற, வெள்ளைக்காரன் கெசம் வேற இல்லையா? அது மாதிரி அவன் கணக்குல வயசு கொஞ்சம் கூடத்தான் வரும்."

"அப்ப எம்மகளுக்கு மட்டும் ஏன் கூடலை?" என்று கேட்டார் சின்னச்சாமி.

கோட்டைச்சாமி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

அழகுமலை எழுந்து நின்றான். "மன்னிச்சுக்கங்க. தமிழ்ல கேட்டா இருபத்து நாலுன்னு சொல்லணும்னு மாமா வழியெல்லாம் சொல்லிக் குடுத்துத்தான் கூட்டியாந்தாரு. இங்கிலீசுல யாரும் சொல்லிக் குடுக்கலை."

முதலில் சிரித்தவள் பொன்னுமணி. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பிறகு மாயக்காள் சிரித்தாள். சின்னச்சாமி கோபமாக இருக்கத்தான் முயன்றார். மீசை ஒத்துழைக்கவில்லை. கடைசியில் கோட்டைச்சாமியைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தம் இல்லை என்று ஆனது. ஆனாலும் வந்தவர்களைச் சாப்பிடாமல் போகச் சின்னச்சாமி விடவில்லை. படியிறங்கும்போது அழகுமலை பொன்னுமணியைப் பார்த்து, "தாங்க் யூ" என்றான். அவளும் திருப்பி, "தாங்க் யூ" என்றாள். அதற்கு என்ன பதில் என்று வகுப்பில் இன்னும் நடத்தியிருக்கவில்லை.

அடுத்த தையில் அழகுமலைக்குப் பொட்டிபுரத்தில் இருபத்தேழு வயதுப் பெண் அமைந்தாள் என்று பிறகு சேதி வந்தது. அந்த வீட்டில் அவன் உட்கார்ந்ததும் முதலில் தன் வயசைச் சொல்லிவிட்டுத்தான் காப்பியையே தொட்டானாம்.

பெண் பார்க்க வந்த அன்று ராத்திரி சாந்தகுமாரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போய் இப்படி ஆகிவிட்டதே, இனி எந்தத் தாய் தகப்பன் பிள்ளையை அனுப்புவார்கள் என்று குமைந்தாள். மறுநாள் சாயங்காலம் மாடிப்படியில் கனத்த காலடிச் சத்தம் கேட்டது. சின்னச்சாமி. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்த்து வழிவிட்டு நகர்ந்தாள். பொன்னுமணி, மாயக்காள், தெருவிலிருந்து இன்னும் மூன்று தாய்மார், அவர்களுடைய பெண்பிள்ளைகள்.

"டீச்சரம்மா, இருபதோட நிறுத்திட்டீகளாமே?" என்றார் சின்னச்சாமி. "நூறு வரைக்கும் சொல்லிக் குடுத்துருங்க. எத்தனை வயசுல எவன் வந்து நிப்பான்னு தெரியலை."

தாய்மார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு எண்ணில் அவ்வளவு அக்கறை இல்லை.

"ஏம்மா, 'குடிப்பீகளா'ன்னு இங்கிலீசுல எப்பிடிக் கேக்குறது?" என்றாள் ஒருத்தி.

"சீட்டாட்டம் உண்டான்னும் சேத்துக்கங்க" என்றாள் மாயக்காள்.

சாந்தகுமாரி சாக்கட்டியை எடுத்தாள். அவளிடம் இருந்த எந்தப் பாடப் புத்தகத்திலும் அந்தக் கேள்விகள் இல்லை. யோசித்து யோசித்து, அழித்து அழித்து எழுதினாள். அன்றைக்கு அந்த மாடியில் ஒரு பிள்ளைகூட ஏலக்காயைத் தொடவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.