லிஃப்டுக்கு முன்னால் மூன்று தூண்கள்

பொதுமக்களின் மேலான கவனத்திற்கு: மனிதகுலம் நெடுங்காலமாக ஏங்கிக் கிடந்த விடுதலை, இன்று காலை சுரங்க ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் லிஃப்ட் உருவில் வந்து சேர்ந்தது. ரிப்பன் வெட்டிய பெரியவர், இனி இந்நகரில் நடப்பவர், நடக்க இயலாதவர் என்ற பேதமே இல்லை என்று முழங்கிவிட்டு, கீழே இருக்கும் பிளாட்பாரத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் காரேறிப் போனார்.

கூட்டம் கலைந்ததும் அவள் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். தள்ளக் கூடாது என்ற உத்தரவோடு பின்னால் கணவன். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. இத்தனை வருஷமும் அவளை முதுகில் சுமந்து படியிறக்கிவிட்டு, திரும்ப ஏறிவந்து நாற்காலியையும் தூக்கிப் போனவன் அவன்தான். போன மாதம் அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். இனி எதையாவது தூக்கினால் தையல் மட்டுமல்ல, உயிரே பிரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய லீவும் தீர்ந்துவிட்டது. இன்று போகாவிட்டால் அந்த மேசைக்கு வேறு ஆள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. சாயங்காலம் நானே வந்துடுவேன்."

"கதவு மூடுறதப் பாத்துட்டுப் போறேனே."

"வெளிநாட்டுக்கா அனுப்புறீங்க?" என்றாலும் அவள் முகம் மலர்ந்திருந்தது.

லிஃப்டுக்கு முன்னால் மூன்று இரும்புத் தூண்கள். மோட்டார் சைக்கிள்கள் உள்ளே புகுந்துவிடாதபடி நேற்று நட்டவை. மஞ்சள் பெயின்ட் இன்னும் காயவில்லை. அவள் இடைவெளிக்குள் உருட்டினாள். சிக்கியது. பின்னால் வந்து, கோணம் மாற்றி, மறுபடியும் உருட்டினாள். சக்கரமும் உள்ளங்கையும் மஞ்சளானதுதான் மிச்சம்.

விழா பேட்ஜ் குத்திய பொறியாளர் ஓடி வந்தார். "தூணெல்லாம் பாதுகாப்புப் பிரிவு போட்டதும்மா. நாங்க லிஃப்ட் மட்டும்தான்."

"ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா? குடும்பச் சண்டையா?"

"மேல சொல்றேன்மா."

"நான் மேலதான் சார் இருக்கேன். கீழ போகணும்."

கணவன் அவளுக்கு முன்னால் வந்து, முதுகைக் காட்டிக் குந்தினான். "நாலடிதான். பிடிச்சுக்க. நாற்காலிய சார் மடக்கி எடுத்துட்டு வருவாரு."

"எந்திரிங்க."

"நேரமாச்சு."

"சாயங்காலம்?"

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் கை அவன் தோளில் விழுந்தது. தள்ளவா, பற்றிக்கொள்ளவா என்று அவளுக்கே தெரியவில்லை. வெள்ளைச் சட்டையில் ஐந்து விரல்களும் மஞ்சளாகப் பதிந்தன. தூண்களுக்கு அப்பால் கதவு திறந்து, இனிய குரலில் வரவேற்று, சற்றுக் காத்திருந்து, மூடிக்கொண்டது.

லிஃப்டில் எந்தப் பழுதும் இல்லை.