பாலகாட்டுக்கு வந்த புயல்

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: வீட்டுக்காரி கிருஷ்ணம்மா, அவளைக் கூட்டிப்போகப் பெங்களூரிலிருந்து காலை ரயிலில் வந்த மகள் சுனிதா, பக்கத்து வீட்டு முனிரத்தினம். மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர் குடியிருப்பு பாலகாடு; அந்த லைன் வீடுகளில் இந்த இரண்டைத் தவிர மற்ற பன்னிரண்டும் காலி. கிருஷ்ணம்மாவும் போய்விட்டால் முனிரத்தினத்துக்குப் பேச ஆளில்லை. பெண்டாட்டி செத்த இந்த நாலு வருஷமாகக் காலை டீயை அவர் இங்கேதான் குடித்துவந்தார்.

புயல் கரையைக் கடந்து இரண்டு நாளாகியும் மழை விடவில்லை. வீடுகளுக்குப் பின்னால் சயனைடு டம்ப் நின்றது. தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண், மலை உயரம்.

“கடல் எங்க கீது, நாம எங்க கீறோம்? உன் புயல் பங்காருப்பேட்டை ஜங்ஷன்ல வண்டி மாறியா வருது?” என்றார் முனிரத்தினம், சுனிதாவிடம்.

கிருஷ்ணம்மா சிரித்தாள். அவருக்குத் தெம்பு வந்தது.

சுனிதா சிரிக்கவில்லை. கடலோர ஏரிகளின் அடிச்சேற்றைத் தோண்டியெடுத்து, பழைய புயல்கள் விட்டுப்போன மணல் அடுக்குகளை எண்ணுவது அவள் வேலை. “ஆயிரம் வருஷத்துல சில காலம் புயல் அடிக்கடி வந்துகீது மாமா, சில காலம் அடங்கிக் கெடந்துகீது. இனிமே எத்தினி வரும்னு எங்களுக்கே தெரியல. ஆனா கடல் சூடாவுது. வர்றது தண்ணிய ரொம்பத் தூக்கினு வரும். இந்த டம்ப் மண்ணு தாங்காது.”

“எங்க காலத்துல இத்த விட ஜாஸ்தி பேஞ்சுது. இன்னா கிருஷ்ணம்மா?”

“ஆமாண்ணா. நானும் இவகிட்ட அதயேதான் சொல்றேன்.”

பின்பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஆடின.

“ஏர் பிளாஸ்ட்,” என்றார்கள் பெரியவர்கள் இருவரும். சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் அப்படித்தான் அதிரும். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் அவ்வப்போது அதிர்கிறது. அதற்கெல்லாம் அங்கே யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

“எழுவதாம் லெவல்,” என்றார் சுரங்கத்தில் வேலை பார்த்த முனிரத்தினம். “சத்தத்த வெச்சே சொல்லுவேன்.”

சுனிதா எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தாள். டம்ப் சரிந்திருந்தது. முனிரத்தினத்தின் வீட்டுக்குப் பின்சுவர் இல்லை. அவர் சமையலறை முழுக்க வெளிறிய சேறு.

கிருஷ்ணம்மாவும் வந்து பார்த்தாள். உள்ளே போய்ப் புடவைகளைப் பையில் அடைத்தாள்.

“உன் செவுரு நல்லாத்தான கீது, கிருஷ்ணம்மா.”

“இன்னிக்கு உன்னுது. நாளைக்கு என்னுதுண்ணா.”

“பக்கத்துல கோரமண்டல் ஸ்கூல்ல தங்க எடம் குடுக்கறாங்களாம் மாமா,” என்றாள் சுனிதா. “ஆட்டோவுல அங்க உங்கள எறக்கிட்டுப் போறோம்.”

பெங்களூருக்கு வாங்க என்று அவள் சொல்லவில்லை. சொல்வாளோ என்று அவர் சற்று நேரம் நின்றார். கிருஷ்ணம்மா அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு வந்தாள்.

“வெளிய வாண்ணா. பூட்டணும்.”

அவர் படியிறங்கி மழைக்குள் நின்றார். அவள் அவருக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.