கண்டலோர வரம்பு

றொஷானி வீதி மதகடியில் உப்புச் சேற்றில் நிற்கும் கண்டல் மரத்திலிருந்து பறித்துவந்த இலையொன்றைப் பெருவிரலால் துடைத்தாள். துடைத்த இடம் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் சாம்பல். வீட்டுக்குள் அவளுடைய அப்பா லெஸ்லி பெட்டிக்குள் கிடந்தார். பின்னேரம் அடக்கம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அவர் கேட்டது இதைத்தான்.

"புகைபோக்கி சரியெண்டு நீதானே அளந்து சொல்றாய். அப்ப கண்டல் ஏன் பிள்ளை சாகுது?"

சுற்றாடல் அலுவலகத்தில் காற்றை அளப்பது அவள் வேலை. கட்டைபறிச்சான் ஊரிலுள்ள கல் அரைக்கும் ஆலையின் புகைபோக்கித் தூசு ஒவ்வொரு முறையும் வரம்புக்குள்தான் இருந்தது. ஆனாலும் இலைகளில் தூசு படிந்தது. தூசு மூடிய இலைக்கு வெயில் எட்டாது, மரம் பட்டினி கிடக்கும். கண்டல் போனால் அதன் வேருக்குள் வளரும் இறால் குஞ்சும் போகும். அடுத்த கிழமை ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்க அவள்தான் கையெழுத்துப் போடவேண்டும். அப்பாவுக்குச் சொல்ல மறுமொழி கிடைக்கவேயில்லை.

அப்பாவோடு துறைமுகத்தில் வேலைசெய்த, அவள் 'நானா' என்று கூப்பிடும் கலீலுர் றஹ்மான் சைக்கிளை மதிலில் சாத்தினார். சந்தியிலிருந்து மதகைத் தாண்டி வீடுவரை சாவீட்டு வெள்ளைக்கொடி கட்டியவர் அவர்தான்.

"மதகடிக் கொடியெல்லாம் சாம்பலாப் போச்சு பிள்ளை. நேற்றுத்தானே கட்டினனான்! உங்கட அப்பா இருந்தா ஏசுவார், 'றஹ்மான், எனக்கெண்டு அழுக்குக் கொடிதான் கிடைச்சதோ' எண்டு. கழட்டிப் புதுசு கட்டிறன்."

"எல்லாக் கொடியும் அப்பிடியா, நானா?"

"இல்லையே. ஆலைக்குக் கிட்ட இருக்கிற உங்கட ஒழுங்கையில பால் மாதிரிக் கிடக்கு. அதுதான் புதினம்."

அவள் மதகடிக்கு நடந்தாள். புகைபோக்கித் தூசு உயரத்தில் பரவித்தான் விழும். அதுதான் காரணமென்றால் எல்லாக் கொடியிலும் படிந்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கல்தூள் ஏற்றிய லொறியொன்று மூடாமல் வந்து மதகுக் குழியில் விழுந்து எழும்பியது. தூள் கிளம்பிக் கொடியையும் அதற்குப் பின்னால் நின்ற கண்டலையும் மூடியது.

"கழட்டாதேங்கோ, நானா."

தம்பி கிருஷாந்தன் ஓடிவந்தான். "உனக்கென்ன விசரா அக்கா? அப்பாவை அழுக்குக் கொடிக்குள்ளாலயோ கொண்டு போறது?"

"ஓம். அவர் கேட்ட கேள்விக்கு மறுமொழி இதுதான்."

தம்பி ஒரு கொடியை அவிழ்க்கக் கைநீட்டினான். றஹ்மான் புதுக்கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"விடு தம்பி. மனிசன் இண்டைக்கும் கேள்வியை விடுற மாதிரித் தெரியேல்ல."

அவள் கொடிகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்தாள். பின்னேரம் பெட்டி அவற்றின் நடுவே போனது. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பழைய அனுமதியை அப்படியே புதுப்பிக்க அவள் கையெழுத்துப் போடவில்லை. மழைக்காலம் தொடங்கமுன் புதியது வந்தது. தூசு இனிப் புகைபோக்கியின் வாயில் மட்டுமல்ல, கண்டலோரத்தில் கம்பில் பொருத்திய அகன்ற சாடியிலும் அளக்கப்படும். கண்டல் தாங்கும் அளவுக்குமேல் சாடியில் விழுந்தால் லொறிகள் நிற்கவேண்டும். மதகுக் குழி மூடப்பட்டது. லொறிகள் படங்கு மூடி, தண்ணீர் தெளித்த வீதியால் போயின. முதல் மாதம் சாடியில் சேர்ந்தது வரம்புக்குக் கீழே இருந்தது.