ஸ்கூல் பாப்பா

மழலையர் வகுப்பு டீச்சருக்கு நாத்தனாரைக் கண்டாலே இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காரணத்தை வெளியில் சொல்லவா முடியும்? பொறாமை, வேறென்ன! தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கியவள் அவள். சொந்த மகளோ, அம்மா பென்சிலை எடுத்தாலே வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்வாள். அதே வாண்டு, அத்தை வந்து நுழைந்ததும் சாக்பீஸைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடுகிறது!

அத்தை சரக்கு வேன் ஓட்டுகிறவள். வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது? கையெழுத்து மட்டும் சுத்தக் கோழிக்கிறுக்கல்.

நேற்று சாப்பாட்டு மேசையில் மகள் தண்ணீரைத் தொட்டு விரலால் 'அ' போட்டாள். சுழி, வளைவு, கோடு எல்லாம் கச்சிதம். அப்பாக்காரன் வாயெல்லாம் பல்லாக, "பார்த்தியா, என் தங்கச்சி சொல்லிக்கொடுத்தது!" என்றான்.

டீச்சருக்கு வயிறு எரிந்தது. மகளின் முதல் எழுத்து தன்னிடமிருந்து வர வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தாள்! கொத்திக்கொண்டு போய்விட்டாளே பாவி!

"அப்படி என்ன சொக்குப்பொடி போடறா உங்க தங்கச்சி?"

"நீயே போய்ப் பாரேன்."

இன்று அத்தை வந்ததும், பார்த்தேவிடுவது என்று கிளம்பினாள். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது அத்தை. அம்மாவின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அலமாரிக் கதவில் சாக்பீஸால் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது வாண்டு.

"எனக்கு வரவே இல்லை மிஸ்," என்று அத்தை சிணுங்கினாள்.

"பரவாயில்லை கண்ணு. அழிச்சிட்டு மறுபடி எழுதலாம். முதல்ல குட்டிச் சுழி..."

டீச்சர் திகைத்துப்போனாள். அது அவள் வகுப்பில் பேசும் பேச்சு, அந்த இழுவைகூட அச்சு அசல்! தினமும் அம்மாவின் வகுப்பு முடியும்வரை கடைசி பெஞ்சில் காத்திருக்கும் பிள்ளை, ஒன்றுவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அப்படியென்றால் சொல்லிக்கொடுத்தது நான்தானே! அடி சக்கை! ஓடிப்போய்ப் புருஷனிடம் சொல்லிக்காட்ட வேண்டும்போல் அவளுக்குக் கால் பரபரத்தது.

"இவ்வளவு தப்பு பண்றேனே, திட்ட மாட்டீங்களா மிஸ்?" என்று கேட்டாள் அத்தை.

"சே, நீ ஸ்கூல் பாப்பா. ஸ்கூல் பாப்பாவை மிஸ் திட்ட மாட்டாங்க. வீட்டுப் பாப்பாவைத்தான், 'டீச்சர் பொண்ணுக்கு இதுகூட வரலையா, மண்டு'ன்னு திட்டுவாங்க."

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள். மகள் சட்டென்று சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

டீச்சர் நாத்தனாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "மிஸ், நானும் ஸ்கூல் பாப்பாவா சேர்ந்துக்கலாமா?"

மகள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை தலையாட்டிய பிறகுதான் சாக்பீஸ் கைக்கு வந்தது. அதற்கும் டீச்சருக்குச் சுருக்கென்றது. என்ன செய்ய, வாங்கிக்கொண்டாள்.

எழுந்து போய் 'அ' போட்டாள். ஆயிரம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிய கைதான் அது. ஆனால் அன்றைக்குச் சுழி கோணிக்கொண்டது. மகள் அதை உற்றுப் பார்த்தாள், அம்மாவின் கண்ணையும் பார்த்தாள். பிறகு தன் பிஞ்சுக் கையை அம்மாவின் கைமேல் வைத்துப் பிடித்தாள்.

"பரவாயில்லை கண்ணு," என்றாள். "அழிச்சிட்டு மறுபடி எழுதலாம்."