எட்டு மணி மாத்திரை

பவன் ஐந்து மணிக்கு எழுந்தான். இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் மாமியார் தர்மதேவியை ஒருக்களித்துப் படுக்க வைத்தான். துணி மாற்றினான். முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்து போட்டான். பொழுது விடிந்ததும் கஞ்சி ஊட்டினான். மனைவி அனுபமா இறந்த பதினோரு மாதமாக இதுதான் காலை.

பிறகு பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறி, முதியோர் பராமரிப்பு அலுவலகம் போனான். வாரம் இருமுறை வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸ் இரண்டு மாதமாக வரவில்லை.

கவுன்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "மருந்து சாப்பிட மறுக்கிறார்னு இருக்கு. பேரை எடுத்துட்டாங்க."

"நர்ஸ் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை எழுதினாங்க. அத்தை அந்த நேரத்துக்குத்தான் வேணாம்னாங்க. நாங்க ஜைனருங்க. பொழுது போனா அவங்க தண்ணிகூட குடிக்கமாட்டாங்க."

"மாத்திரை என்ன பிரியாணியா சார்?" அவர் சிரித்தார். "அந்தம்மாவ வந்து சம்மதம்னு சொல்லச் சொல்லுங்க, சேத்துடலாம்."

"எப்படிங்க சொல்வாங்க? நர்ஸ் கடைசியா வந்துட்டுப் போன மறுநாளே பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு."

"அவங்க வாயால சொன்னாத்தான் சார் பதிவு பண்ண முடியும்."

பவன் மேசையில் ஓங்கி அறைந்தான். அனுபமாவை எடுத்த அன்றுகூட வராத சத்தம் அவனிடமிருந்து வந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"வாயாலதான்யா சொன்னாங்க! எட்டை அஞ்சுன்னு மாத்த உங்ககிட்ட ஒரு பேனா இல்லையா? நான் பக்கத்துலயே நின்னேன். எழுதிக்கோ, அவங்க கடைசியா பேசினது இதான்: 'மாத்திரைய வேணாங்கல கண்ணு, பொழுதோட குடு, முழுங்கிடறேன்.'"