நாற்பத்தேழாம் பகுதியின் வண்டு

மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். அழியும் நிலையில் உள்ள உயிர்கள் எவை, அவற்றுக்காக எங்கே கோடரி படக்கூடாது என்று கார்ப்பாத்திய மலைக்காட்டின் அடுத்த பத்தாண்டுத் திட்டத்துக்குச் சொல்லும் பட்டியல் அது. நாற்பத்தேழாம் பகுதியின் கிழட்டு பீச் மரங்களைக் காப்பாற்ற, பூச்சிகளைக் கணக்கெடுக்க வந்த ஸ்மராண்டாவுக்கு ஒரு வண்டு போதும். நீலச் சாம்பல் உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த ரோசாலியா. ஆனால் அது அங்கேயே பிறந்ததற்குச் சாட்சி வேண்டும். வெயில் அடித்தால்தான் அந்த மகாராணி வெளியே வருவாள்; ஐந்து நாளாக மழையோ மழை.

இன்று வெயில். காலையிலிருந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மதியம் வனச்சரகர் பிந்திலியே போன் செய்தார்.

"என்னம்மா, காட்டுல தவம் கிடக்கிறியா? உன் வண்டு இங்க ரோட்டோரம், நாங்க அடுக்கின கட்டை மேல மாநாடு போட்டிருக்கு. ஓடி வா!"

ஓடினாள். பத்துப் பன்னிரண்டு வண்டுகள் இருந்தன. பிந்திலியே வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியா? நாங்க வெட்டினா அதுக்குக் கொண்டாட்டம்."

"கொண்டாட்டமா? பட்ட மரம்னு நம்பி முட்டை வைக்குதுண்ணே. அடுத்த வாரம் லாரி வந்து அள்ளிட்டுப் போயிடும்."

பறந்து வந்த வண்டு எந்தப் பகுதிக்கும் சாட்சியாகாது. அது அவருக்கும் தெரியும்.

அவள் விடுவதாயில்லை. கட்டை கட்டையாகத் தடவிப் பார்த்தாள். மூன்று மணிக்கு, ஒரு கட்டையின் நீள்வட்ட ஓட்டையிலிருந்து ஒரு வண்டு பாதி உடம்பை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று வருடம் அந்த மரத்துக்குள்ளேயே வளர்ந்த வண்டு! கட்டையின் முனையில் எண் 212.

"இந்த மரம் எங்க நின்னுச்சு?"

பிந்திலியே மெல்லுவதை நிறுத்தினார். "யாருக்கும்மா ஞாபகம்?"

"அடிக்கட்டையில உங்க சுத்தியல் முத்திரையும் இதே நம்பரும் இருக்குமே. வாங்க, தேடுவோம்."

நாற்பத்தேழில் கிடைத்தது. பட்ட மரம்தானே என்று குளிர்காலத்தில் அவரே முத்திரை குத்தி வெட்டச் சொன்ன மரம். வண்டு பிறந்த 212 இங்கே நின்று வெட்டப்பட்ட மரம்தான் என்று ஸ்மராண்டா அடிக்கட்டை மேலேயே காகிதத்தை வைத்து எழுதி நீட்டினாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா, அதோட வீட்டை வெட்டினவன் நான்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி."

"ஆமா. அதைத்தான் எழுதியிருக்கேன். போடுங்கண்ணே."

அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பக்கத்தில் நின்ற பட்ட பீச்சிலும் அவருடைய முத்திரை இருந்தது. இடுப்பிலிருந்து சுத்தியலை உருவி, அதன் மறுமுனைக் கோடரியால் அந்த முத்திரையைச் செதுக்கி எடுத்தார்.

"மணி நாலாச்சு, நீ போய்ப் பட்டியலைக் குடு," என்றார். "நான் குத்தினது இங்க இன்னும் பதினேழு இருக்கு."