வெளியே நில்லுங்கோ

கேட் காலேஜ் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது என்றபோது புனேயின் கோர்படியில் யாரும் முதலில் நம்பவில்லை. ரயில்வே கேட்டை ஒட்டி இருப்பதால் அந்தப் பெயர். பதினோரு பேரைச் சேர்ப்பதே அவர்களுக்குப் பெரும் பாடு. மாற்று ஆட்டக்காரர்கள் என்று பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் காலில் கட்டு. எதிரே நீலச்சட்டைக்காரர்கள். கேம்ப் என்னும் கன்டோன்மென்ட் பக்கத்துப் பெரிய கல்லூரி. வருடா வருடம் கோப்பை அங்கேதான் போகும். மற்றவர்கள் ஆடுவது இரண்டாம் இடத்துக்கு.

பாஸ்கர் கேட் காலேஜில் படித்தவன் இல்லை. ஹடப்சரில் ஐ.டி. வேலை. மனைவி ரோஹிணிதான் அங்கே கணக்கு சொல்லிக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் சனிக்கிழமை தோறும் அவனை மைதானத்துக்கு இழுத்து வந்தாள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாமல் வந்தவன், ஒரு வருடத்தில் நடுவருடன் சண்டை போடும் அளவுக்குத் தேறினான். போன வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் ரோஹிணி இறந்துபோனாள். அதற்குப் பிறகும் அவன் வந்தான். சனிக்கிழமை சாயந்திரம் வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் கை தட்டினால் அவனும் தட்டுவான்.

இப்போது கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டான். சாமான்கள் லாரியில் போய்விட்டன. திங்கட்கிழமை ரயில். அதற்குள் நீலச்சட்டை ஒரே ஒரு தடவை தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ரோஹிணிக்கு இருந்த ஆசை அது. அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இடைவேளையில் நீலச்சட்டை ஒன்று, கேட் காலேஜ் பூஜ்யம். மழை தூறிக்கொண்டே இருந்தது. வழக்கமாகச் சேர்ந்து உட்காரும் ஆறேழு பேரும் குடைக்கடியில் சுருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பாஸ்கர் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தான். மைதானத்துச் சுவருக்கு வெளியே ஒரு டப்ரி, டீ விற்கும் பெட்டிக்கடை, உண்டு. அங்கே கூட்டம். இவன் முறை வருவதற்குள் ஆட்டம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. கம்பித்தட்டில் ஆறு டம்ளர்களை வாங்கிக்கொண்டு திரும்பினான். சுவருக்கு அந்தப்புறம் ஒரு கூச்சல் எழுந்தது. அது நீலச்சட்டைக் கூச்சல் இல்லை. அவர்கள் கோல் போட்டால் அலட்சியமாகத்தான் தட்டுவார்கள். இது பசித்த கூச்சல். டீ சிந்தச் சிந்த ஓடினான்.

மைதானத்து கேட்டில், கூட உட்காரும் பட்டாபிராமன் வழிமறித்தார். ராணுவக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"பாஸ்கர், அங்கேயே நில்லுங்கோ. ஒண்ணுக்கு ஒண்ணு ஆயாச்சு. நீங்க வெளில இருக்கச்சே விழுந்த கோல்."

பாஸ்கருக்குப் புரிந்துவிட்டது. சட்டம் ரோஹிணி போட்டது. நம் கோல் விழும்போது யார் வெளியே இருந்தாரோ, அவர் ஆட்டம் முடியும்வரை வெளியே. எட்டிப் பார்க்கவும் கூடாது. காலையில் வகுப்பில் நிகழ்தகவு நடத்துவாள். சாயந்திரம் இந்தச் சட்டத்தை நடத்துவாள். எவ்வளவு கேலி செய்தாலும் அசைய மாட்டாள்.

டீ ஆறிப் போகிறதே என்று மெல்ல இழுத்துப் பார்த்தான்.

"ஆறட்டும். அன்னிக்கு நான் பாத்ரூம் போன நேரத்துல கோல் விழுந்ததுன்னு, கொட்டற மழையில என்னை வெளில நிறுத்தினது யாரு? எனக்கு யாரு டீ குடுத்தா?"

நிறுத்தியது பாஸ்கர்தான். திரும்பி டப்ரிக்கே வந்தான்.

பட்டாபிராமன் கல் நெஞ்சர் இல்லை. பார்ப்பதுதான் தோஷம், கேட்பதில் தோஷம் இல்லை என்று தீர்ப்பைக் கொஞ்சம் தளர்த்தி, மகள் வைஷுவை விட்டுப் போன் போடச் சொன்னார். வைஷு ரோஹிணியிடம் படித்தவள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனாலும் பாஸ்கர் அண்ணனுக்குத் தமிழில்தான் சொல்வேன் என்று பிடிவாதம்.

"அண்ணா, பால் அவா கிட்ட இருக்கு. நன்னா இல்லை. ரொம்ப நன்னா இல்லை. அடிச்சுட்டான். பிரணவ் பிடிச்சுட்டான். இல்லை, விட்டுட்டான். இல்லை இல்லை, மறுபடி பிடிச்சுட்டான்."

பிரணவ் கோல்கீப்பர். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். அவன் பந்தைப் பிடிக்கும் அழகைப் பார்த்தால் எதிரணிக்கே பரிதாபம் வரும். ஆனால் இன்று என்னமோ பிடித்துக்கொண்டிருந்தான். காலால், முழங்காலால், ஒரு தடவை முகத்தால். வைஷு சொல்லச் சொல்ல, பாஸ்கர் ஒவ்வொரு டம்ளராக எடுத்துக் குடித்தான். கடைசி டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் ஆறு பேர் டீயையும் தான் ஒருவனே குடித்து முடித்திருப்பது தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. காதுக்குள் நெஞ்சு அடிக்கும் சத்தம். இத்தனை மாதமாக அது இருக்கும் இடமே தெரியாமல் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு ரயில் வந்தது. பெட்டிக்குப் பின் பெட்டியாகத் தடதடத்துப் போனது. போனில் ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப்புறம் என்ன நடக்கிறதென்றும் தெரியவில்லை. வைஷு என்று நாலு தடவை கத்தினான். ரயில் கடந்து போனதும் மராத்தியும் தமிழும் கலந்து அவள் குரல் வந்தது.

"அண்ணா, நம்ம ஷ்ரேயஸைத் தள்ளிட்டான். உள்ள, பாக்ஸ் உள்ள. பெனால்டி. நமக்கு."

போன் கை மாறியது. இப்போது பட்டாபிராமன்.

"பாஸ்கர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அசையாதீங்கோ."

பாஸ்கர் அசையவில்லை. உள்ளே போய், ஷ்ரேயஸ் தவறவிட்டால், இவன் வந்ததால் போச்சு என்று கோர்படி உள்ளவரைக்கும் சொல்வார்கள். வெளியே நின்று, கோல் விழுந்தால், அது இன்னொருவர் வாயால் வந்து சேரும். ரோஹிணி போன செய்தியும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. அவன் அப்போது ஹடப்சரில் ஒரு மீட்டிங்கில் இருந்தான். போன் வந்தது. யாரோ சொன்னார்கள். அவன் கேட்டுக்கொண்டான்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தான்.

வைஷு போனைத் திரும்ப வாங்கி, மைதானத்தைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் குரல் அவனுக்கு முன்னாலும் கேட்டது, காதிலும் கேட்டது. ஷ்ரேயஸ் பந்தை வைக்கிறான், சேற்றைத் துடைக்கிறான், பின்னால் போகிறான். அதற்குள் பட்டாபிராமன் பாஸ்கரைப் பார்த்துவிட்டார். பேயைக் கண்டதுபோல் வாயைத் திறந்தார். கையில் இருந்த குடையை அவன் முகத்துக்கு நேரே நீட்டி மறைத்தார். பாஸ்கர் அதைப் பிடுங்கித் தூரப் போட்டான்.

ஷ்ரேயஸ் ஓடி வந்து உதைத்தான். நல்ல உதைதான். நீலச்சட்டைக் கோல்கீப்பர் சரியான பக்கம் பாய்ந்தான். பந்து அவன் மணிக்கட்டில் பட்டுத் திரும்பியது.

"அண்ணா, போச்சு," என்றாள் வைஷு போனில்.

மொத்த வரிசையும் திரும்பிப் பாஸ்கரைப் பார்த்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு பந்தையே பார்த்தான். பந்து துள்ளி வந்து சேற்றுக் குட்டையில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே, ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது. உருண்டு வரும் என்று கணக்குப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டு சறுக்கிய நீலச்சட்டைத் தடுப்பாளன் வெறும் தண்ணீரை உதைத்துக்கொண்டு தாண்டிப் போனான். உதைத்த வேகத்தில் கீழே விழுந்திருந்த ஷ்ரேயஸ், எழுந்திருக்கவும் நேரமில்லாமல், முட்டி போட்டபடியே ஒரு காலை வீசினான். பந்து கூடவே ஒரு வாளிச் சேற்றையும் அழைத்துக்கொண்டு வலைக்குள் போனது.

என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு எழுந்த கூச்சலில் கோர்படியே இடிந்து விழுந்தது. பாஸ்கர் குதிக்கப் போனான். பட்டாபிராமன் அவன் தோளை அழுத்திப் பிடித்தார். சட்டம் இப்போது தலைகீழாக மாறிவிட்டது. கோல் விழும்போது எப்படி நின்றானோ அப்படியே நிற்க வேண்டும். ஒரு கால் தேங்கிய தண்ணீரில், ஒரு கால் படியில், தலையில் கை.

"இறக்கினேள், கொன்னுடுவேன்," என்றார். அவர் கண்ணாடி முழுக்க மழைத் தண்ணீர்.

நிற்கச் சொன்னபடி நின்றான். கடைசி நிமிடங்களில் நீலச்சட்டை மொத்தமும் இந்தப் பாதிக்கே வந்துவிட்டது. கார்னர். மறுபடி கார்னர். பிரணவ் ஒன்றைக் குத்தித் தள்ளினான். அடுத்ததைப் பிடித்து, குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு சேற்றில் குப்புறப் படுத்துவிட்டான். எத்தனை பேர் இழுத்தும் எழுந்திருக்கவில்லை. அவன் படுத்திருக்கும்போதே விசில் ஒலித்தது.

எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். வைஷு வந்து, அண்ணா இனிமேல் கையை இறக்கலாம் என்று சொன்னபிறகே இறக்கினான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் இல்லை. இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

மைதானத்து நடுவில் ஷ்ரேயஸைச் சுற்றிக் கூட்டம். தலை முதல் கால் வரை சேறு. பல் மட்டும் வெள்ளை. கண்ணில் சேறு அப்பியதில் தான் போட்ட கோலைத் தானே பார்க்கவில்லையாம். எப்படிப் போனது, எப்படிப் போனது என்று ஹிந்தியில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பாதிப் பேர் அந்த நேரத்தில் பாஸ்கரை முறைத்துக்கொண்டிருந்தவர்கள்.

"நான் பார்த்தேன்," என்றான் பாஸ்கர், இருந்த கொஞ்சக் குரலில்.

கூட்டம் வழி விட்டது. அவன் ஆபீஸ் ஷூவோடு குட்டைக்குள் இறங்கினான். பந்து இங்கே விழுந்தது என்று காலால் தட்டிக் காட்டினான். தடுப்பாளன் வந்த பக்கத்தைக் கையால் காட்டினான். பிறகு பேன்ட்டைப் பற்றி யோசிக்காமல் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு காலைப் பின்னுக்கு இழுத்தான்.